பாட்டுக்காரருக்கு எந்த மயக்க மருந்து? ரியூப் போட்ட பிறகு குரல் அடைப்பது பற்றி

பண்_ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். பின்னேரத்தில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குத் தேவாரப் பண்ணிசையும் சொல்லிக்கொடுக்கிறேன். பித்தப்பையில் கல் என்று ஸ்கானில் வந்திருக்கிறது. லப்பரஸ்கோப்பி முறையில், அதாவது சின்னத் துளைகள் போட்டு, எடுக்கத் திகதியும் தந்துவிட்டார்கள். முழு மயக்கம், தொண்டைக்குள் ரியூப் போடுவார்களாம்.

என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவருக்கு முன்பு வேறொரு ஒப்பரேசன் நடந்தது. வயிற்றுக் காயம் சுகமாக ஆறிவிட்டது, குரல்தான் மாதக்கணக்காகக் கரகரத்தது. மேல் சட்ஜத்துக்குப் போனால் காற்று மட்டும் வரும். "மயக்க மருந்து கூடிப்போச்சு, அதுதான் தொண்டையைத் திண்டிட்டுது" என்று சனம் கதைக்கிறது. அவ போன இடத்தில் யாரும் ஒழுங்காக விளக்கம் சொல்லவில்லை.

காஸ் பிடித்து மயக்குவது நல்லதா, ஊசியா? குரலுக்குப் பாதுகாப்பான மருந்து இதுதான் என்று ஏதும் உண்டா? இருந்தால் நாங்கள் கேட்டு வாங்கலாமா?

சுன்னாகத்தான் எழுதியது:

அக்கா, யோசிக்காதேங்கோ. அப்பாவுக்குக் குடலிறக்கம் செய்தபோது தொண்டை நோவும் கரகரப்பும் இருந்தது, இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விட்டது. ஆனால் அவர் பாடுகிற ஆள் இல்லை, சங்கக்கடையில் சத்தம் போடுகிற ஆள். அதனால் வித்தியாசம் எங்களுக்குத் தெரியாமலும் போயிருக்கலாம்.

மயக்கத்துறை எழுதியது:

மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிறவன். பொதுவாக எழுதுகிறேன், உங்கள் உடம்பைப் பார்த்து முடிவெடுப்பவர் உங்கள் வைத்தியர்தான்.

மருந்து கூடினதால் குரல் கெட்டது என்ற ஊர்க்கதை பெரும்பாலும் தலைகீழ். ரியூப் போகும் அந்தச் சில நொடிகளில் மருந்து போதாமல் இருப்பதுதான் குரல்நாணுக்கு ஆபத்து.

முழு மயக்கம் என்பது ஒரு மருந்து அல்ல. நித்திரைக்கு ஒன்று, இப்போது பெரும்பாலும் புரொபபோல், முன்பு தயோபென்ரோன். நோவை அடக்க ஒன்று, பென்ரனைல் போல. மூன்றாவது, தசைகளைத் தளர்த்துவது: அட்ராகியூரியம், றொக்குரோனியம், அவசரத்துக்குச் சக்ஸமெத்தோனியம். நீங்கள் கேட்ட காஸ், அதாவது செவோபுளூரேன், ஐசோபுளூரேன் வகை, வளர்ந்தவர்களுக்கு அனேகமாக ரியூப் போட்டு முடிந்த பிறகுதான் தொடங்கும். ஆகவே காஸ் என்றாலும் ஊசி என்றாலும், ரியூப் குரல்நாணைத் தாண்டும் நேரத்தில் நீங்கள் ஊசி மருந்தின் மயக்கத்தில்தான் இருப்பீர்கள்.

குரல்நாண் இரண்டும் சாதாரண சதை இல்லை. சோற்றுப் பருக்கை ஒன்று தவறி அந்தப் பக்கம் போனாலே பட்டென்று மூடிக்கொள்ளும், அதுதான் அவற்றின் முதல் வேலை. பாட்டெல்லாம் பிறகு வந்த வேலை. நித்திரை மருந்து மட்டும் கொடுத்தால் ஆள் தூங்கிவிடுவார், ஆனால் இந்தக் காவல் முழுதாகத் தூங்காது. சாத்தப்படும் கதவிடுக்கில் கையை வைப்பது போலத்தான் அந்த நேரம் ரியூபை நுழைப்பது. தசைத் தளர்த்தி வேலை செய்திருந்தால் நாண்கள் இரண்டும் விலகி அசையாமல் கிடக்கும், ரியூப் உரசாமல் போகும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2003இல் ஜேர்மனியில் மென்கே குழுவினர் 80 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் புரொபபோலும் பென்ரனைலும். ஒரு பாதிக்கு மேலதிகமாக அட்ராகியூரியம், மறு பாதிக்கு வெறும் சேலைன். ஒப்பரேசனுக்கு முன்னும் பின்னும் குரல்நாணைக் கமரா வைத்துப் பார்த்தார்கள். தளர்த்தி கொடுக்காதவர்களில் 44 வீதமானவர்களுக்குக் குரல் கரகரப்பு, கொடுத்தவர்களில் 16 வீதம். நாணில் வீக்கம், இரத்தக்கட்டு போன்ற காயங்கள் 42 வீதத்துக்கு எதிராக 8 வீதம். அனேகம் தானாக ஆறுகிறவைதான். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள்.

எனவே கேட்கவேண்டிய கேள்வி எந்த மருந்து என்பதல்ல, ரியூப் போகும்போது நாண்கள் அசையாமல் கிடந்தனவா என்பதுதான்.

பண்_ஆசிரியை எழுதியது:

மிக்க நன்றி டொக்டர். அப்படியென்றால் தளர்த்தி மருந்தை ஏன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை?

ரொரன்ரோ_வடமராட்சியான் எழுதியது:

டொக்டர் சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. நானும் இதே தொழில், இங்கே கனடாவில். தசைத் தளர்த்தியை மயக்கத்தில் வழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் இந்த நாட்டில்தான், 1942 ஜனவரியில் மொன்றியலில் கிரிபித்தும் ஜோன்சனும் கியூராரே என்ற தளர்த்தியைக் கொடுத்தார்கள். அந்தப் பெருமை ஒருபக்கம் இருக்கட்டும்.

தளர்த்தி கொடுத்த ஆள் அசையமாட்டார், சரி. ஆனால் மயக்கம் இலேசாகி விழித்துவிட்டாலும் அசையமாட்டார். பிரித்தானியாவில் மயக்கத்துக்குள் விழிப்பது பற்றி 2014இல் வெளிவந்த என்ஏபி5 என்ற அறிக்கையில், ஒப்பரேசன் நடுவில் விழித்ததாகச் சொன்னவர்கள் தளர்த்தி கொடுத்த மயக்கங்களில் ஏறத்தாழ 8,000இல் ஒருவர், கொடுக்காதவற்றில் ஏறத்தாழ 136,000இல் ஒருவர். அதோடு மயக்க நேரத்தில் வரும் கடும் ஒவ்வாமைக்கு இந்த வகை மருந்துகள் முக்கிய காரணங்களில் ஒன்று. கடைசியில் தளர்த்தி முழுதாக இறங்கமுன் ரியூபை எடுத்தால் மூச்சுத் திணறும்.

புரொபபோலோடு, பென்ரனைல் இனத்தைச் சேர்ந்த ரெமிபென்ரனைலைத் தாராளமாகக் கொடுத்தால் தளர்த்தி இல்லாமலேயே நாண்கள் நன்றாகத் திறக்கும். சின்ன ஒப்பரேசனுக்கு நான் அப்படிச் செய்ததுண்டு. ஆக தளர்த்தி கொடுக்காதவர் எல்லாம் குரலைக் கெடுக்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

மயக்கத்துறை எழுதியது:

அண்ணா சொன்ன இலக்கங்கள் சரி, மறுக்கவில்லை. விழிப்புப் பிரச்சினைக்குத் தீர்வு, மயக்கத்தை ஒழுங்காக அளந்து கொடுப்பது. தளர்த்தியைக் கைவிடுவது அதற்குப் பதில் ஆகாது.

ரெமிபென்ரனைல் நல்ல மருந்து. ஆனால் அந்த அளவு கொடுத்தால் இரத்த அழுத்தமும் நாடியும் விழும். எழுபது வயது இருதய நோயாளிக்கு அந்தப் பரீட்சை வைக்கமுடியாது. இங்கே எல்லா இடத்திலும் கைக்கு எட்டும் மருந்தும் அல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குள் எந்த மருந்து நல்லது என்பதைவிட எந்த மருந்து இருக்கிறது என்பதுதான் கேள்வியாக இருந்தது. ரொரன்ரோவில் இருந்து பார்க்கும்போது இது தெரியாது, குறை சொல்லவில்லை.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தாலும் தராசு ஒருபக்கம் சாய்கிறது. 2017இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தளர்த்தியைத் தவிர்த்தால் ரியூப் போடுவது கடினமாகும் வாய்ப்பும் தொண்டைக் கரைச்சலும் காயமும் கூடும் என்றுதான் முடித்தது.

தளர்த்தி கொடுத்தும் காயம் வருவதுண்டு, அதற்கு மருந்தின் பெயர் காரணம் அல்ல, பொறுமையின்மை. அட்ராகியூரியம் ஏற்றினால் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் நிற்கவேண்டும். பட்டியலில் அடுத்தவர் காத்திருக்கிறார், சேர்ஜன் கை கழுவிவிட்டு வாசலில் நிற்கிறார் என்று ஒன்றரை நிமிடத்தில் வாயைத் திறந்தால், மருந்து கொடுத்தும் கொடுக்காத கணக்குத்தான். பெருவிரலில் சின்ன மின்துடிப்புக் கொடுத்து அசைவு நின்றதா என்று பார்க்கும் கருவி உண்டு. அதிலும் ஒரு நுணுக்கம், குரல்வளைத் தசை பெருவிரலைப் போல நடக்காது. மருந்து அங்கே சீக்கிரம் தொடங்கும், சீக்கிரம் முடியும், முழுதாக அடக்கக் கூடுதல் அளவும் வேண்டும். புருவத் தசையை வைத்துப் பார்த்தால் குரல்வளைக்குக் கிட்டவாக இருக்கும்.

தியேட்டர்_அக்கா எழுதியது:

நான் தியேட்டரில் தலைமைத் தாதியாக இருந்து இளைப்பாறியவள். டொக்டர்மார் இருவரும் மருந்தைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள். பலூனை யார் பார்ப்பது?

பண் ரீச்சருக்கு விளங்கும்படி சொல்கிறேன். ரியூபின் நுனிக்குச் சற்று மேலே ஒரு பலூன் இருக்கும். குரல்நாணைத் தாண்டி வாதனாளிக்குள், அதாவது மூச்சுக்குழாய்க்குள், போன பிறகு சிரிஞ்சால் காற்றடித்து அதை உப்பவைப்போம், காற்று ஒழுகாமலும் வயிற்றுத் தண்ணி நெஞ்சுக்குள் இறங்காமலும் இருக்க. வெளியே தொங்கும் மெல்லிய குழாயின் முனையில் சின்னப் பலூன் ஒன்று இருக்கும். அதை இரண்டு விரலால் கிள்ளிப்பார்த்து "காணும்" என்பதுதான் பழைய வழக்கம். அமுக்கம் பார்க்கும் மானி வந்த புதிதில், விரலுக்குச் சரியாகத் தெரிந்த பலூன்களை அதில் பூட்டிப் பார்த்தோம். முள் 30ஐத் தாண்டி எங்கேயோ நிற்கும். 20 முதல் 30 சென்ரிமீற்றர் தண்ணீர் அமுக்கத்துக்குள் இருக்கவேண்டும், கூடினால் உள்தோலுக்கு இரத்தம் போகாது.

மயக்க மருந்துத் தெரிவு இங்கேதான் உண்மையில் குறுக்கே வருகிறது. நைற்றஸ் ஒக்சைட், சிரிப்பு வாயு என்பார்களே, அது கொடுத்தால் மெல்ல மெல்ல அந்தப் பலூனுக்குள் ஊறிப்போகும். தொடக்கத்தில் அளவாக இருந்த அமுக்கம் ஒரு மணித்தியாலத்தில் அளவு மீறிவிடும். மறுபடி மறுபடி பார்த்துக் காற்றைக் குறைக்கவேண்டும். காற்றுக்குப் பதில் சேலைனோ விறைப்பு மருந்தான லிக்னோகெயினோ நிரப்பினால் ஏறாது.

பலூன் நாணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் இன்னும் மோசம், நாணை அசைக்கும் நரம்பின் கிளை அந்த இடத்தால்தான் போகிறது.

ரொரன்ரோ_வடமராட்சியான் எழுதியது:

அக்கா சொன்னதுக்கு மேல் பேச்சில்லை. நாங்கள் இங்கே நைற்றஸைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டோம்.

சுன்னாகத்தான் எழுதியது:

இடையில் ஒரு விசர்க் கேள்வி. அந்தக் காலத்தில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் ஐயர் வெட்டிக் கொத்தி வைத்தியம் பார்த்தபோதும் ரியூப் போட்டார்களா?

மயக்கத்துறை எழுதியது:

இல்லைத் தம்பி. பொஸ்ரனில் ஈதர் மயக்கத்தை ஊரறியக் காட்டியதே 1846 ஒக்ரோபரில், கிறீன் யாழ்ப்பாணம் வந்தது அடுத்த வருடம். துணியில் ஊற்றி மூக்கில் பிடிப்பார்கள், அவ்வளவுதான். குரல்நாணுக்கு ஒன்றும் ஆகாது, மற்ற எல்லாவற்றுக்கும் ஆகலாம். இனித் தலைப்புக்கு வருவோம்.

குரல்_கிளினிக் எழுதியது:

காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை. பண் ரீச்சர் சொன்ன அந்த மற்ற ரீச்சரின் கதைதான் எனக்கு உறுத்துகிறது. மாதக்கணக்காகக் கரகரப்பு என்றால் அது சாதாரண தொண்டை நோ அல்ல. யாராவது குரல்நாணைக் கமராவில் பார்த்தார்களா?

எல்லாக் கரகரப்பும் ஒன்றல்ல. வீக்கமும் சின்ன இரத்தக்கட்டும் சில நாளிலோ சில கிழமையிலோ போய்விடும். 1978இல் வந்த ஒரு பழைய ஆய்வில் 1,000 பேரைப் பார்த்து 6.2 வீதமானவர்களுக்குக் குரல்வளைக் காயம் கண்டார்கள், பெரும்பகுதி நாணில் இரத்தக்கட்டு. இரண்டாவது வகை, குரல்நாண் பின்னால் பொருந்தியிருக்கும் சின்னக் குருத்தெலும்பு இடம் விலகுவது. ரீச்சர் சொன்ன மாதிரிக் காற்றுக் குரல் வரும், விழுங்கவும் நோகும். கெதியாகக் கண்டுபிடித்தால் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம், நாள் போனால் இறுகிவிடும். மூன்றாவது நரம்பு அமுங்கி ஒரு பக்க நாண் அசையாமல் நிற்பது. நாலாவது கிரனுலோமா என்ற சதைக்கட்டி. இது கள்ளன். ஒப்பரேசன் முடிந்து குரல் நன்றாகவே இருக்கும், சில கிழமைக்கோ மாதத்துக்கோ பிறகு கரகரப்புத் தொடங்கும். புளியேப்பமும் ஓயாத தொண்டைச் செருமலும் அதை வளர்க்கும்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர்களின் 2018 வழிகாட்டி, ரியூப் போட்ட பிறகு வந்த கரகரப்பென்றால் நாள் கணக்குப் பார்க்காமல் குரல்வளையைப் பார்க்கச் சொல்கிறது. அவவைக் கட்டாயம் கிளினிக்குக் கூட்டிப்போங்கோ. பாட்டுக்காரர்களுக்கு நாணின் அதிர்வையே மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி செய்தால் இன்னும் தெளிவு.

நரம்புப் பிரச்சினை அரிதாக வருவதுதான். ஜப்பானில் 31,241 பேரைப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது, நாண் செயலிழந்தவர்கள் 24 பேர். ஐம்பது வயதுக்கு மேல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ரியூப் பல மணித்தியாலம் இருந்தது, இவைதான் அபாயத்தைக் கூட்டின. மயக்க மருந்தின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

பண்_ஆசிரியை எழுதியது:

அவவுக்கு இன்றைக்கே சொல்லிவிட்டேன், வருகிற கிழமை கிளினிக்குப் போகிறா. கேட்டால் யாரும் கமரா வைத்துப் பார்க்கவில்லையாம், குளிசை மட்டும் கொடுத்து அனுப்பினார்களாம்.

எனக்கு வேறு வழி இருக்கிறதா? ரியூப் இல்லாமல், விறைப்பு ஊசி போட்டுச் செய்யலாமா?

மயக்கத்துறை எழுதியது:

முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி போட்டால் தொண்டைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள், குரலுக்கு அதைவிட நல்லது இல்லை. குடலிறக்கம், சிசேரியன், முழங்கால் எல்லாவற்றுக்கும் கேட்டுப்பார்க்கலாம். ஆனால் லப்பரஸ்கோப்பியில் வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டை நிரப்புகிறோம், அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள பிரிமென்றகட்டை மேலே தள்ளும், தோள்மூட்டு நோகும். சில இடங்களில் விறைப்பிலும் செய்கிறார்கள், ஆனால் வழமை ரியூப்தான். குரல்வளை முகமூடி என்று ஒன்றும் உண்டு, நாணுக்கு மேலேயே உட்காரும், உள்ளே போகாது. சின்ன வேலைக்கு அருமையான சாமான். வயிறு உப்பிய நிலையில் பலர் ரியூபையே நம்புவார்கள், நானும் அப்படித்தான்.

மருந்துச் சீட்டை நீங்கள் எழுத வேண்டாம். ஒரு கிளினிக்கில் ஒருவர் பேப்பரில் மருந்துப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார், அதில் பாதி எங்கள் அலுமாரியில் இல்லை. ஒப்பரேசனுக்கு முந்திய மயக்க மருந்துக் கிளினிக்கில் "நான் பாடித்தான் பிழைக்கிறேன்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கோ. பாடுகிறவர் என்று தெரிந்தால் ரியூபை ஒரு அளவு சின்னதாக எடுப்போம். பெண்களுக்கு வழமையாக 7, அதற்குப் பதில் 6.5 அல்லது 6. இலகுவில் செய்யக்கூடியது, தொண்டை நோவும் கரகரப்பும் குறையும். தளர்த்திக்கு நேரம் கொடுத்து, பழகிய கை ரியூப் போடும், பயிற்சிக்கு வந்த பிள்ளை அன்றைக்கு நின்று பார்க்கட்டும். டெக்ஸாமெதசோன் ஒரு ஊசி போட்டால் சத்தியும் குறையும், தொண்டைக்கும் நல்லது.

காஸா ஊசியா என்ற உங்கள் முதல் கேள்விக்கு ஒரு சின்ன இடம் விட்டுவைக்கிறேன். தொடக்கத்தில் அது பெரிய விசயம் இல்லை, எழும்பும்போது இருக்கிறது. ரியூபைக் கடித்துக்கொண்டு கடுமையாக இருமுவது நாண்களை ரியூபோடு மோதவிடுவதுதான். கடைசிவரை புரொபபோலிலும் ரெமிபென்ரனைலிலும் வைத்திருந்தால் காஸில் இருந்தவர்களைவிட இருமல் குறைவு. காஸ்களுக்குள் டெஸ்புளூரேன் மூச்சுப் பாதையை எரிச்சலூட்டும். மருந்தைத் தொடர்ந்து ஏற்றும் பம்பும் அந்த மருந்தும் இருக்கிற இடம் என்றால் கேட்டுப்பார்க்கலாம். இல்லையென்றால் எழுப்பமுன் லிக்னோகெயின் கொஞ்சம் ஏற்றினாலும் இருமல் அடங்கும்.

குரல்_கிளினிக் எழுதியது:

பிறகு ஒன்று. ஒப்பரேசன் முடிந்து வந்து குரல் இருக்கிறதா என்று அன்றைக்கே பாடிப் பார்க்காதேங்கோ. கரகரப்புப் போகும்வரை பண்ணிசை வகுப்பை வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கோ. தொண்டையை இறுக்கிக் கிசுகிசுப்பதும் வேண்டாம், மெதுவாகச் சாதாரணமாகக் கதையுங்கோ. தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், தொண்டையைச் செருமக்கூடாது.

ரொரன்ரோ_வடமராட்சியான் எழுதியது:

போகமுன் வீட்டில் நன்றாகப் பாடும் நாளில் போனில் பதிந்து வையுங்கோ அக்கா, மேல் ஸ்தாயி வரை. பிறகு கிளினிக்கில் முன்னுக்கு எப்படி இருந்தது என்று வாயால் விளக்கத் தேவையில்லை.

பண்_ஆசிரியை எழுதியது:

நல்ல யோசனை, பதிந்து வைக்கிறேன். கடைசியாக ஒன்று. விடியக் கோவிலுக்குப் போய்விட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் எனக்கு நாள் தொடங்கும். அன்றைக்கும் குடிக்கலாமா? தொண்டை காய்ந்தால் ரியூப் இன்னும் உரசுமோ என்று பயம்.

தியேட்டர்_அக்கா எழுதியது:

வெறுந்தேத்தண்ணி என்றால் மயக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்வரை பொதுவாக விடுவார்கள். பால் விட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணித்தியாலம். கோவிலில் பொங்கல் தந்தால் வாங்கிக் கட்டி வையுங்கோ, வாயில் போடக்கூடாது. வயிறு நிறைந்திருக்கிறது என்று தெரிந்தால் ஒப்பரேசனைப் பின்போடுவார்கள். பின்போட முடியாத கேஸ் என்றால் அவசர முறையில் ஒரு நிமிடத்துக்குள் ரியூபை இறக்கவேண்டி வரும், டொக்டர் சொன்ன அந்த நிதானமான மூன்று நிமிடம் அப்போது கிடைக்காது. எத்தனை மணிக்குத் தியேட்டர் என்று வாட்டில் கேட்டு அதற்கேற்ப எண்ணிக்கொள்ளுங்கோ, பட்டியல் முந்தினாலும் முந்தும்.